கட்டியின் வாசல் வரை: புரத மருந்துகளும் நானோ ஊர்திகளும்

புற்றுநோய் மருத்துவம் பற்றிய செய்தி ஒன்று நாளிதழில் வெளியான மறுநாள், நம் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி பலரிடமிருந்தும் எழுவதுண்டு. "டாக்டர், நானோ மருந்து வந்துவிட்டதாமே? அது கட்டியை மட்டும் தேடிப்போய்த் தாக்குமாமே? அது கிடைக்கும்வரை இந்தக் கீமோவை நிறுத்தி வைக்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அருகில் அமர்ந்திருக்கும் மகனோ, மனைவியோ, தாயோ ஆவார். முடி உதிர்வதையும் வாந்தியையும் இரவெல்லாம் உடனிருந்து பார்த்தவர்கள் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை.

இக்கேள்விக்கு நேரான விடை, நிறுத்தக் கூடாது என்பதே. எனினும், காரணம் விளங்காத விடை மனத்தில் நிலைப்பதில்லை. நானோ மருந்து என்பது பொய்யும் அன்று. நாளையே வந்து நிற்கும் அற்புதமும் அன்று. அதன் ஒரு பகுதி முப்பது ஆண்டுகளாக மருத்துவமனைகளில் பயன்பாட்டில் உள்ளது. மற்றொரு பகுதி இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. எது எந்த நிலையில் உள்ளது, ஏன் அந்நிலையில் உள்ளது என்பதை, குறிப்பாகப் புரத மருந்துகளை முன்வைத்து, இவ்விதழின் பாடத்தில் காண்போம்.

புரத மருந்து என்பது யாது?

நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை சிறிய வேதிமூலக்கூறுகள். பாரசிட்டமால் அத்தகையது. புரத மருந்து அதைப் போல ஆயிரம் மடங்குக்கும் கூடுதலான எடை கொண்டிருக்கலாம். ஆயிரக்கணக்கான அணுக்கள் குறிப்பிட்ட வகையில் மடிந்து அமைந்த நுண்ணிய கருவி அது. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஒரு சிறிய புரதம். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் பெரிய புரதம். ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரத இனத்தைச் சேர்ந்தது.

புரதத்தின் ஆற்றல் அதன் மடிப்பில் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவைக் கொதிநீரில் இட்டால் அது வெண்மையாகக் கெட்டிப்படுகிறது. மீண்டும் குளிரவைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெப்பத்தால் மடிப்பு குலைந்த புரதம் அது. மருந்துப் புரதமும் அவ்வாறே குலையக்கூடியது. வெப்பம், உறைபனி, கடுமையாகக் குலுக்குதல், வயிற்று அமிலம் ஆகிய எதுவும் அதைப் பயனற்றதாக்கலாம். ஆகவேதான் இம்மருந்துகள் மாத்திரையாக அன்றி ஊசியாக வருகின்றன; குளிர்பெட்டியில் காக்கப்படுகின்றன.

இத்தனை தொல்லை இருந்தும் புரதத்தை மருந்தாக நாடுவதற்குக் காரணம் அதன் துல்லியம். ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கு மட்டும் பொருந்தும் சாவி போல, புரதம் தனக்குரிய இலக்கை மட்டும் பற்றிக்கொள்கிறது. ஆனால் துல்லியமான கருவி தன் இலக்கைச் சென்றடைந்தால்தான் பயன். நம் பாடத்தின் மையம் அதுதான்.

மூன்று தடைகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து கள்ளிக்குப்பத்தில் உள்ள ஒரு வீட்டுக்குப் பொருள் ஒன்று வந்துசேர வேண்டும் என்று கொள்வோம். முதலில் நெடுஞ்சாலையில் அது சிதையாமலும் தொலையாமலும் வர வேண்டும். அடுத்து, வண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உரிய தெருவுக்குள் நுழைய வேண்டும். இறுதியாக, வீட்டின் கதவு திறக்கப்பட்டு பொருள் உள்ளே செல்ல வேண்டும். இம்மூன்றில் எது தடைப்பட்டாலும் பொருள் வந்து சேராது.

புரத மருந்துக்கும் இவ்வாறே மூன்று தடைகள் உள்ளன. முதலாவது இரத்த ஓட்டம். அங்கே சிறுநீரகம் சிறு புரதங்களை வடிகட்டி வெளியேற்றுகிறது; நொதிகள் அவற்றை வெட்டுகின்றன; நோயெதிர்ப்பு அமைப்பு அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு தாக்குகிறது. இரண்டாவது, இரத்தக் குழாயின் சுவரும் அதற்கு அப்பாலுள்ள கட்டியின் அடர்ந்த திசுவும். மூன்றாவது, புற்றணுவின் உறை. பெரிய புரதங்கள் அவ்வுறையைத் தாமாகக் கடப்பதில்லை.

இம்மூன்று தடைகளையும் கடக்க உதவும் மிக நுண்ணிய சுமைவண்டிகளையே நானோ ஊர்திகள் என்கிறோம். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. சிவப்பணு ஒன்றின் அகலம் ஏறத்தாழ 7,000 நானோமீட்டர். ஊர்திகள் பெரும்பாலும் 50 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். சிறுநீரகம் வடிகட்டிவிட முடியாத அளவுக்குப் பெரியவை. நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளாத அளவுக்குச் சிறியவை.

முதல் தடையை வென்ற மருந்து

முதல் தடை எவ்வாறு கடக்கப்பட்டது என்பதற்குச் சிறந்த சான்று, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் எல்-அஸ்பாராஜினேஸ் என்னும் மருந்து. இது ஒரு நொதி, அதாவது புரதம். நம் வாசகர்களுள் சிலரின் வீட்டுக் குழந்தைகளுக்கு இது தரப்பட்டிருக்கும்.

1953-இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்னும் ஆய்வாளர், கினிப் பன்றியின் இரத்த நீரைச் செலுத்தினால் எலிகளின் உடலில் இருந்த லிம்போமாக் கட்டிகள் கரைவதைக் கண்டார். பிற விலங்குகளின் இரத்த நீருக்கு அத்தன்மை இல்லை. காரணம் அப்போது விளங்கவில்லை. 1961-இல் ஜான் புரூம் என்பவர் அதற்குக் காரணமான பொருள் அஸ்பாராஜினேஸ் நொதியே எனக் காட்டினார். அஸ்பாராஜின் என்பது அணுக்கள் புரதம் கட்டத் தேவையான ஓர் அமினோ அமிலம். நம் உடலின் பெரும்பாலான அணுக்கள் அதைத் தாமே ஆக்கிக்கொள்ளும். லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயின் அணுக்களுக்கு அத்திறன் மிகக் குறைவு. அவை இரத்தத்தில் மிதந்து வருவதையே நம்பி வாழ்கின்றன. அஸ்பாராஜினேஸ் இரத்தத்திலுள்ள அஸ்பாராஜினை உடைத்துவிட, புற்றணு உணவின்றி மடிகிறது.

இம்மருந்து நம் ஊருக்கும் அந்நியமானதன்று. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் 1980-களில் தொடங்கி, லுகேமியா கண்ட குழந்தைகளுக்கு ஒரே வகையான மருத்துவ முறையைக் கையாண்டன. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். அம்முறையில் பிற மருந்துகளோடு அஸ்பாராஜினேஸும் இடம்பெற்றது. இந்தியாவில் இந்நோயிலிருந்து மீளும் குழந்தைகளின் பங்கு அதன்பின் பெரிதும் உயர்ந்தது.

ஆயினும் இம்மருந்துக்கு இரு குறைகள் இருந்தன. அது பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படுவதால் உடல் அதை அந்நியமெனக் கருதி ஒவ்வாமை காட்டுவதுண்டு. மேலும், ஊசியாகச் செலுத்தியபின் ஏறத்தாழ ஒன்றேகால் நாளில் அதன் பாதி மறைந்துவிடும். எனவே வாரத்தில் பலமுறை ஊசி போட வேண்டியிருந்தது. சிறு குழந்தைக்கு ஒவ்வோர் ஊசியும் ஓர் அழுகை. தாய்க்கு ஒவ்வொன்றும் ஒரு பயணம்.

தீர்வு ஒரு போர்வையாக வந்தது. பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும், நீரை விரும்பும் நீண்ட இழைகளை நொதியின் மேற்பரப்பில் பிணைத்தனர். இவ்விழைகள் நீரை ஈர்த்துப் புரதத்தைச் சுற்றி ஒரு மென்படலம் அமைக்கின்றன. வெட்டும் நொதிகளும் எதிர்ப்புப் புரதங்களும் எளிதில் நெருங்க முடிவதில்லை. பெக்அஸ்பார்கேஸ் எனப்படும் இவ்வடிவத்துக்கு 1994-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இதன் பாதி மறைய ஏறத்தாழ ஐந்தரை முதல் ஆறு நாள் ஆகிறது. ஆகவே, பலமுறை போட்ட ஊசிக்கு ஈடாக இரு வாரத்துக்கு ஒன்று போதுமானதாயிற்று. இன்று இந்திய நிறுவனங்களும் இதைத் தயாரிக்கின்றன.

ஒவ்வாமை முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்வையின் இழைகளுக்கு எதிராகவே சிலர் உடலில் எதிர்ப்புப் புரதம் உண்டாகிறது. சிலரிடம் வெளியே எந்த அறிகுறியும் தோன்றாமலேயே மருந்து செயலிழந்துவிடுவதும் உண்டு. அதைக் கண்டறிய இரத்தத்தில் நொதியின் செயல்திறனை அளக்கும் சோதனை சில மையங்களில் செய்யப்படுகிறது.

இவ்வெற்றியில் ஒரு நுட்பம் இருக்கிறது. அஸ்பாராஜினேஸ் எந்த அணுவுக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. எந்தக் கட்டியையும் ஊடுருவ வேண்டியதில்லை. அது வேலை செய்யும் இடம் இரத்தமே. நெடுஞ்சாலையிலேயே பணி முடிந்துவிடுவதால், முதல் தடையைக் கடந்ததே போதுமாயிற்று. மார்பகம், குடல், நுரையீரல், கணையம் முதலிய உறுப்புகளில் தோன்றும் திடக்கட்டிகளுக்கு நிலைமை அவ்வாறன்று.

இரண்டாம் தடை: கட்டியின் தெருக்கள்

1960-களில் இங்கிலாந்தில் அலெக் பேங்கம் என்னும் அறிஞர், சில கொழுப்புப் பொருள்கள் நீரில் தாமாகவே நுண்ணிய குமிழிகளாக அமைவதைக் கண்டார். லிப்போசோம் எனப்படும் அக்குமிழியின் உட்புறம் நீர், சுவர் கொழுப்பு. உள்ளே மருந்தை அடைத்தால் அது பொதிந்த உறையுடன் பயணம் செய்யும்.

டாக்சோரூபிசின் என்னும் கீமோ மருந்தை லிப்போசோமில் அடைத்த வடிவம் 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதயத்துக்கு அம்மருந்து இழைக்கும் தீங்கு இவ்வடிவத்தில் குறைந்தது. 2012-இல் அமெரிக்காவில் இம்மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இந்தியாவின் சன் பார்மா நிறுவனம் தயாரித்த லிப்போடாக்ஸை இறக்குமதி செய்ய அந்நாட்டு அரசு இசைந்தது. அதன் பொதுப்பெயர் மருந்துக்கு அடுத்த ஆண்டே அங்கு ஒப்புதலும் கிடைத்தது. 2005-இல் வந்த மற்றொரு வகையில், நம் இரத்தத்திலேயே உள்ள அல்புமின் என்னும் புரதம் பாக்லிடாக்செல் மருந்தைச் சுமக்கும் ஊர்தியாயிற்று. ஆக, நானோ மருந்து நமக்குப் புதிதன்று. உங்களில் சிலர் பெயர் அறியாமலேயே அதைப் பெற்றிருக்கலாம்.

இவ்வூர்திகள் கட்டியை எவ்வாறு அடைகின்றன? 1986-இல் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மட்சுமுரா, மயேதா ஆகிய இருவரும் ஒரு விளக்கம் தந்தனர். கட்டி விரைந்து வளர்வதால் அதன் இரத்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டிய சுவர் போல ஓட்டையும் இடுக்குமாக இருக்கும். நலமான குழாயில் கசியாத ஊர்தி, கட்டியின் குழாயில் கசிந்து வெளியேறும். கட்டியில் நிணநீர் வடிகாலும் சரிவர இல்லாததால், உள்ளே வந்தது அங்கேயே தங்கும். இவ்விளக்கம் உலகெங்கும் ஆய்வாளர்களுக்குப் பெரும் ஊக்கம் அளித்தது.

நடைமுறை அவ்வளவு எளிதாக அமையவில்லை. 2016-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் விலங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். செலுத்தப்பட்ட நானோ துகள்களில் கட்டியை அடைந்தவை, நடு அளவாக, 0.7 விழுக்காடு மட்டுமே. நூறு வண்டிகள் புறப்பட்டால் ஒன்று கூட முழுதாக வந்து சேரவில்லை என்று பொருள். எஞ்சியவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அந்நியத் துகள்களை இரத்தத்திலிருந்து அகற்றுவது அவ்வுறுப்புகளின் இயல்பான கடமை. மேலும், எலியின் கட்டி சில வாரங்களில் வளர்வது. மனிதனின் கட்டியோ பல மாதங்களும் ஆண்டுகளும் எடுத்துக்கொண்டு வளர்வது. அதன் குழாய்கள் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. ஒரே கட்டியில் இடத்துக்கு இடமும் மாறுபடுகின்றன. எலியில் வென்ற மருந்து மனிதரில் தோற்பதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

முன்பு கூறிய அஸ்பாராஜினேஸே இதற்கும் சான்று. அந்நொதியைச் சிவப்பணுக்களுக்குள் அடைத்துக் கணையப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தனர். சிவப்பணு நானோ அளவினது அன்று எனினும், பொதிந்து அனுப்பும் கருத்து ஒன்றே. தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 2021-இல் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவோ, அது நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கவில்லை எனக் காட்டியது.

இன்டர்லூக்கின்-2 என்னும் புரதத்தின் வரலாறும் இத்தகையதே. நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் இப்புரதம் 1992-இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் உடல் முழுவதும் பரவும்போது இது இரத்தக் குழாய்களைக் கசியச் செய்து, இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடியது. கட்டியில் மட்டும் செயல்படச் செய்தால் எவ்வளவு நன்று என்று எண்ணி, அஸ்பாராஜினேஸுக்குப் போர்த்திய அதே வகைப் போர்வையை இதற்கும் போர்த்தினர். 2022-இல் பெரிய ஆய்வுகள் அவ்வடிவம் கூடுதல் பயன் தரவில்லை எனக் கண்டதால் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒரு மருந்துக்குப் பொருந்திய போர்வை மற்றொன்றுக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை.

மூன்றாம் தடை: அணுவின் கதவு

சில புரதங்களுக்குக் கதவைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. டிராஸ்டுசுமாப் புற்றணுவின் வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெர்2 என்னும் ஏற்பியைப் பற்றி, வெளியிலிருந்தே அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆன்டிபாடி மருந்துகள் பல வெற்றி பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அணுவின் உள்ளே சென்றால்தான் வேலை செய்யும் புரதங்கள் பல உள்ளன. நம் ஊர் வேலியோரத்து ஆமணக்கின் விதையில் உள்ள ரைசின் என்னும் நச்சுப் புரதத்தை எண்ணிப் பாருங்கள். அதன் ஒரு பகுதி அணுவின் உறையைப் பற்றி வழி திறக்க, மறுபகுதி உட்புகுந்து, புரதம் தயாரிக்கும் அமைப்பையே முடக்கிவிடும். இக்கொடிய ஆற்றலைப் புற்றணுவின் மேல் மட்டும் ஏவ முடியுமா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக முயன்றுள்ளனர். இங்கு ஓர் எச்சரிக்கை: ஆமணக்கு விதையை மருந்தென எண்ணி மென்று தின்பது உயிருக்கே ஆபத்து. புற்றணுவைத் தேடிச் செல்லும் அறிவு அவ்விதைக்கு இல்லை.

ஊர்தியில் ஏற்றிய புரதத்தை அணு எவ்வாறு ஏற்கிறது? அணு தன் உறையை உட்குழித்து, ஊர்தியைச் சிறு பை ஒன்றில் பொதிந்து விழுங்குகிறது. ஆனால் அந்தப் பை வரவேற்பறை அன்று. பெரும்பாலும் அது செரிமானக் கூடத்துக்கே செல்கிறது. பையின் உட்புறம் படிப்படியாக அமிலத்தன்மை அடைகிறது. பின்னர் அதனோடு சேரும் நொதிகள் உள்ளிருக்கும் புரதத்தைத் துண்டாக்கிவிடுகின்றன. அதற்குமுன் பையைக் கிழித்துக்கொண்டு மருந்து வெளியேற வேண்டும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, கொழுப்பு நானோ துகள்கள் சுமந்து சென்ற சிறு ஆர்.என்.ஏ. மருந்தில் 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே அவ்வாறு தப்பி வெளியேறியதாகக் கணக்கிட்டது. அதைவிடப் பருத்த புரதத்துக்கு இப்பணி எளிதாக இருக்க வாய்ப்பில்லை.

இங்குதான் இன்றைய ஆய்வுகளின் கூர்மை இருக்கிறது. பையின் அமிலத்தைக் கண்டவுடன் வடிவம் மாறிப் பையை உடைக்கும் கொழுப்புகள், அணுவின் உள்ளே மட்டும் மிகுந்திருக்கும் வேதிப்பொருளால் அறுபட்டுத் திறக்கும் உறைகள், பையையே தவிர்த்து நேரே உட்புகும் நுண்குழல்கள் எனப் பல வழிகள் ஆராயப்படுகின்றன. நம் நகரத்திலேயே, கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவின் மோனாஷ், டீக்கின் பல்கலைக்கழகங்களோடு இணைந்து, சிலிக்கான் நுண்குழல்கள் வழியாக மார்பகப் புற்றணுவுக்குள் டாக்சோரூபிசினைச் செலுத்தும் முறையை உருவாக்கியுள்ளனர். இது மகிழ்ச்சிக்குரிய பணி. எனினும், இது புரதம் அன்று, கீமோ மருந்து. செய்யப்பட்டவை ஆய்வகச் சோதனைகள். நோயாளிகளுக்குத் தரப்படும் நிலையை இன்னும் எட்டவில்லை.

மற்றொரு வழி, புரதத்தை அனுப்புவதற்கு மாறாக அதன் செய்முறைக் குறிப்பை மட்டும் அனுப்புவது. 2020-இல் வந்த கொரோனா எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் இவ்வகையின. கொழுப்பு நானோ துகள் குறிப்பைச் சுமந்து செல்ல, நம் அணுவே புரதத்தை ஆக்கிக்கொள்கிறது. புற்றுநோய்க்கு எதிராகவும் இவ்வழியில் மருத்துவ ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

இன்றைய நிலை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துச் சொல்வோம். இரத்தத்திலேயே வேலை செய்யும் போர்வையிட்ட புரதம் இன்று கிடைக்கிறது, பயன் தருகிறது. அணுவின் வெளிப்பரப்பைப் பற்றும் ஆன்டிபாடிகளும் கிடைக்கின்றன. இந்தியத் தயாரிப்புகளும் உள்ளன. கீமோ மருந்தைச் சுமக்கும் நானோ ஊர்திகளும் கிடைக்கின்றன. திடக்கட்டிக்குள் புகுந்து, அணுவின் உள்ளே புரதத்தை இறக்கிவிடும் நானோ ஊர்தி ஆய்வு நிலையில் உள்ளது.

ஆகவே, அதற்காக இன்றைய மருத்துவத்தை நிறுத்திக் காத்திருப்பது, வராத வண்டிக்காக வந்து நிற்கும் வண்டியை விட்டுவிடுவதாகும். கீமோவின் இடைவெளிகள் கணக்கிட்டு வகுக்கப்பட்டவை. இடைவெளி நீண்டால், ஒடுங்கியிருந்த புற்றணுக்கள் மீண்டும் பெருகக் காலம் கிடைக்கிறது. பக்கவிளைவு தாங்க முடியவில்லை எனில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும், துணை மருந்து சேர்க்கவும், வேறு வடிவத்துக்கு மாற்றவும் வழிகள் உள்ளன. தாமாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

வீட்டார் கவனத்துக்கு

புரத மருந்தைக் கடையில் வாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுவரும் பொறுப்பு சில வேளைகளில் உங்களைச் சேரும். அப்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. குளிரில் வைக்குமாறு குறிக்கப்பட்ட புரத மருந்துகளைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் காக்க வேண்டும். மருந்துப் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள குறிப்பே இறுதியானது. சித்திரை வெயிலில், நிறுத்தி வைத்த வண்டியின் பெட்டிக்குள் அரைமணி நேரம் விடுவதும் தீங்கே.

2. ஐஸ் கட்டியின் மேல் மருந்துக் குப்பியை நேரடியாக வைக்காதீர்கள். உறைந்தால் புரதம் குலையும். துணியோ அட்டையோ இடையில் இருக்கட்டும். வீட்டுக் குளிர்பெட்டியில் உறைபனி அறைக்கு அருகிலும் கதவிலும் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள்.

3. குப்பியைக் குலுக்காதீர்கள். நுரைத்திருந்தாலோ கலங்கியிருந்தாலோ செவிலியரிடம் காட்டுங்கள்.

4. மின்தடை நெடுநேரம் நீடித்ததாலோ மறதியாலோ மருந்து வெளியில் இருந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். விலை மிகுந்த மருந்து வீணாகிவிடுமே என்ற அச்சம் இயல்பானது. ஆனால் செயலிழந்த மருந்தைச் செலுத்துவது, மருந்தே செலுத்தாமல் செலுத்தியதாக நம்பியிருப்பதற்குச் சமம்.

அஸ்பாராஜினேஸ் வகை மருந்து பெறும் குழந்தைக்குத் தடிப்பு, மூச்சுத்திணறல், முகவீக்கம் ஆகியவை தோன்றினாலும், கடும் வயிற்றுவலியோடு வாந்தி, விடாத தலைவலி, வலிப்பு, கை கால் வீக்கம், கண் மஞ்சளாதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஒவ்வாமை, கணைய அழற்சி, இரத்தம் உறைதல், கல்லீரல் பாதிப்பு ஆகியவை இம்மருந்தின் அறியப்பட்ட விளைவுகள்.

புதிய மருந்து பற்றிக் கேள்விப்படும்போது

"நானோ" என்னும் சொல்லை விளம்பரத்துக்காக ஒட்டிக்கொண்ட பொடிகளும் திரவங்களும் விற்பனையில் உள்ளன. செய்தி உண்மையானதா, நமக்குப் பயன்படுமா என்று அறிய இக்கேள்விகளை எழுதிக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

1. இது ஆய்வகத் தட்டில் செய்த சோதனையா, எலியிலா, மனிதரிலா?

2. மனிதரில் எனில், பாதுகாப்பை மட்டும் பார்த்த முதற்கட்டமா, பழைய மருந்தோடு ஒப்பிட்ட மூன்றாம் கட்டமா?

3. நம் வீட்டு நோயாளிக்கு வந்துள்ள அதே வகைப் புற்றுநோயில் ஆராயப்பட்டதா?

4. இந்தியாவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றதா? நானோ மருந்துகளை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதற்கு நடுவண் அரசு 2019-இல் தனி வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டுள்ளது.

5. ஆய்வு நிலையில் இருந்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? அப்பதிவேட்டை எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம்.

ஆய்வு ஒன்றில் சேருமாறு அழைக்கப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை, அவசரப்படவும் வேண்டியதில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பெற்று, வீட்டுக்கு எடுத்துச் சென்று, படித்தபின் கையொப்பமிடுங்கள். ஆய்வின் பொருட்டு ஆகும் செலவைப் பங்கேற்பாளர்மீது சுமத்தக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறி. ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற விதிகள் இடமளிக்கின்றன. எப்போது வேண்டுமாயினும் விலகிக்கொள்ளலாம்; அதனால் வழக்கமான மருத்துவம் மறுக்கப்படாது. எவரேனும் பெருந்தொகை கேட்டு "ஆய்வு மருந்து" தருவதாகச் சொன்னால், அங்கேயே நின்று யோசியுங்கள்.

நிறைவாக

கினிப் பன்றியின் இரத்த நீர் கட்டியைக் கரைத்ததைக் கண்ட ஆண்டுக்கும், அந்த நொதி போர்வையோடு மருந்தாக ஒப்புதல் பெற்ற ஆண்டுக்கும் இடையே நாற்பத்தொரு ஆண்டுகள் கழிந்தன. இடைப்பட்ட காலத்தில் குழந்தைகள் பலரைக் காத்தது, அன்று கையில் இருந்த, குறைகள் நிறைந்த பழைய வடிவமே. அதை ஒழுங்காக, நாள் தவறாமல் பெற்றவர்களுள் பலர் இன்று வளர்ந்து வேலைக்குச் செல்கின்றனர்.

கட்டியின் வாசல்வரை சென்று கதவைத் தட்டும் ஊர்தி ஒருநாள் வரலாம். அந்நாளைக் காண நம் வீட்டு நோயாளி நலமாக இருக்க வேண்டும். அதற்கான வழி, அடுத்த ஊசிக்குக் குறிக்கப்பட்ட தேதியில் வந்து சேர்வதே. உங்கள் ஐயங்களை ஒரு தாளில் எழுதி உடன் கொண்டு வாருங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.